க்யூவும் இசட்டும் உள்ள ஏழெழுத்துச் சொற்கள்

என் பழைய கம்பெனியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "மேடம், உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, எங்கள மாதிரி ஜூனியர்ஸுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்று ஒரு பெண் போனில் கேட்டாள். இப்போது அங்கே சொற்பட்டியலை ஆள் உட்கார்ந்து தயாரிப்பதில்லையாம். கம்ப்யூட்டரில் ஒரு கேள்வியைத் தட்டினால் சொல்லும் பொருளுமாக வந்து கொட்டுகிறதாம். "சரிபாக்குறது யாரும்மா?" என்று கேட்டேன். "அதுவே பாத்துரும் மேடம்" என்றாள். பார்த்துக் கிழித்தது. மனுசங்க நாங்கள் பார்த்தே எந்த லட்சணத்தில் பார்த்தோம் என்று எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடத்து கைடு, வினா வங்கி, கட்டுரைத் தொகுப்பு எல்லாம் போடுவோம். அச்சாவது கப்பலூரில். இத்தனைக்கும் நடுவே எங்கள் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓர் ஒல்லிப் புத்தகம். ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறவர்களுக்கும் பள்ளிக்கூட வார்த்தைப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்குமான கையேடு அது. க்யூ வந்து யூ வராத சொற்கள், உயிரெழுத்தே இல்லாத சொற்கள், ஜேயில் முடியும் சொற்கள், க்யூவும் இசட்டும் சேர்ந்து வரும் சொற்கள் என்று வகை வகையாகப் பட்டியல். அதிலும் நாலெழுத்து, ஐந்தெழுத்து, ஆறெழுத்து என்று பிரித்திருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே வரியில் தமிழில் பொருள். எழுதியது நான். அட்டையில் இருந்த பெயர் பரமசிவம் சாருடையது.

வாங்கியவர்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரிலிருந்து ஓர் அப்பா வருவார். ஸ்கூட்டரைக்கூட அணைக்காமல் கீழே நின்றபடி, "இதுல எத்தன வார்த்த இருக்கு?" என்று கேட்பார். என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார், எத்தனை என்றுதான் கேட்பார். ஒருவர் மாடி ஏறி வந்தே சொன்னார்: "பொருள் எதுக்கு மேடம் எடத்த அடைக்குது? அத எடுத்துட்டா இன்னும் ஆயிரம் வார்த்த போடலாம்ல?" அவர் மகன் அந்தக் கோடையில் முந்நூறு சொற்களை மனப்பாடம் செய்திருந்தான். ஒன்றைச் சொல்லச் சொன்னேன். டக் டக்கென்று எழுத்துகளைச் சொன்னான். அப்படி என்றால் என்னப்பா என்றேன். அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் பக்க எண்களைச் சரிபார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம்தான் பரமசிவம் சார் மேசைக்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

சார் ஒரு காலேஜில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பச்சை மைப் பேனா, ஓர் இரும்பு ஸ்கேல். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார். நாம் நீட்டும் தாளைப் பார்த்துத்தான் பேசுவார். "வாங்கம்மா" என்பதும் தாளிடம்தான், "போங்கம்மா" என்பதும் தாளிடம்தான். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது பச்சைப் பேனாவைத் திறந்து அதில் இரண்டு இடத்தில் திருத்தம் போட்டுவிட்டு, "சந்தோசம்மா" என்று பத்திரிகைக்குச் சொன்னார்.

பொருளை அவர் படித்துப் பார்ப்பதற்கு முன் அளந்து பார்ப்பார். ஸ்கேலை வரிமேல் வைப்பார். பத்தியின் அகலத்தைத் தாண்டினால் பச்சைக் கோடு. "ஒரு வரிக்கு மேல போனா அது பொருள் இல்லம்மா, பொலம்பல்." ஐந்து சொல்லுக்குள் அடக்க வேண்டும். ஐந்து சொல்லில் ஒரு மீனையோ பாறையையோ எப்படிச் சொல்வது? நான் சுலபமான வழியைக் கண்டுபிடித்தேன். 'ஒருவகை மீன்', 'ஒருவகைச் செடி', 'ஒருவகை நாணயம்', 'ஒருவகைப் பாறை'. ஒரே நாளில் அறுபது பொருள் எழுதி நீட்டினேன். சார் ஸ்கேலை வைக்கவே இல்லை.

"ஒருவகை, ஒருவகைன்னா எந்த வகைம்மா?"

"அது... வெளிநாட்டு வகை சார்."

"உங்க வீட்டுக்கு ஒருத்தர் வாராரு. யாருன்னு கேட்டா, ஒருவகை ஆளுன்னு சொல்லுவீங்களா?"

அறுபதையும் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் மனுசன் சொன்னது சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன். க்யூவும் இசட்டும் சேர்ந்து வரும் ஏழெழுத்துச் சொற்களில் மெஸ்கிட் என்று ஒன்று வரும், நடுவில் எஸ்ஸுக்குப் பதில் இசட் போட்டு எழுதுவது. அகராதியில் ஏதோ அமெரிக்க மரம் என்று இருந்தது. தேடிப் பிடித்துப் படத்தைப் பார்த்தால், அடப்பாவி, நம் சீமைக்கருவேலமரத்தின் இனம்! உசிலம்பட்டி ரோட்டில் பஸ் ஜன்னலில் கை வைத்தால் கீறுகிறதே, அதன் சொந்தக்காரன். 'முள்மரம், காயை ஆடுமாடு தின்னும்' என்று எழுதினேன். சார் ஸ்கேலை வைத்தார். அடங்கியது. "ம்" என்றார். அவரிடம் 'ம்' வாங்கியவர்கள் அந்த ஆபீஸில் அதிகம் பேர் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கேசரி செய்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சரிபார்க்கும் முறை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பத்திகள். இடது பத்தியில் ஆங்கிலச் சொற்கள், வலது பத்தியில் தமிழ்ப் பொருள். இரண்டும் கம்ப்யூட்டரில் தனித்தனிப் பெட்டிகள். ஆங்கிலத்தை ஒருத்தி அடிப்பாள், தமிழை இன்னொருத்தி அடிப்பாள். சரிபார்க்கும்போதும் தனித்தனிதான். திங்கட்கிழமை வலது பத்திமேல் ஓர் அட்டைத் துண்டை வைத்து மறைத்துவிட்டுச் சொற்களை மட்டும் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அட்டையை இடது பக்கம் மாற்றி வைத்துப் பொருளை மட்டும் பார்க்க வேண்டும். இது பரமசிவம் சார் போட்ட சட்டம். "ரெண்டையும் சேத்துப் பாத்தா கண்ணு அர்த்தத்துல போயிரும்மா. அர்த்தத்துல போனா எழுத்துப்பிழை தப்பிரும்." பெரிய விஞ்ஞானம் மாதிரி இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அட்டை வெட்டிக் கொடுத்து இதையே பாடம் எடுத்தேன். எங்கள் புத்தகத்தில் எழுத்துப்பிழையே இருக்காது என்று கடைக்காரர்கள் மெச்சுவார்கள்.

ஒரு வருடம் யாரோ ஒரு பெற்றோர் கடிதம் போட்டார். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் சீட்டாட்டம் என்று வருகிறதே, இது தகுமா என்று. க்யூ-இசட் பட்டியலில் ஏழெழுத்துப் பகுதியில் முதல் சொல் பெஸீக். பொருள்: 'இருவர் ஆடும் சீட்டாட்டம்'. அவ்வளவுதான் குற்றம். சார் கடிதத்தைப் பார்த்துக் கடிதத்திடமே சொன்னார்: "எடுத்துருங்கம்மா. சீட்டுக்கட்டெல்லாம் நமக்கு எதுக்கு?"

இடது பத்தியில் பெஸீக் போனது. வலது பத்தியில் அதன் பொருளை எடுக்க யாரும் போகவில்லை. கீழே இருந்த சொற்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டன. அடுத்த சொல் கஸீக். அதற்கு எதிரே 'இருவர் ஆடும் சீட்டாட்டம்' வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த மெஸ்கிட்டுக்குக் கஸீக்கின் பொருளான 'அமெரிக்கப் பழங்குடித் தலைவன்'. அதற்கும் அடுத்தது க்வெட்ஸல், பச்சை நிறத்தில் நீண்ட வாலுள்ள ஒரு பறவை. அதற்கு என் முள்மரம். இப்படியே அந்தப் பகுதி முடியும் வரை. சீட்டாட்டத்தை ஒழிக்கப் போன லட்சணத்தைப் பாருங்கள், சீட்டாட்டம் அங்கேயே இருந்தது, மற்றதெல்லாம் நாசமாகப் போயிற்று.

திங்கட்கிழமை பொருளை மறைத்துக்கொண்டு சொற்களைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். செவ்வாய்க்கிழமை சொற்களை மறைத்துக்கொண்டு பொருளைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. பகுதியின் அடியில் மட்டும் 'அழுத்திப் பிழி' என்று ஒரு வரி தனியாகத் தொங்கியது. அது ஸ்க்வீஸ் என்ற கடைசிச் சொல்லின் பொருள். தமிழ் அடிக்கிற பெண் கை தவறி ஒரு வரி கூடுதலாக அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தால் போதும். நகர்த்தவில்லை. சிவப்புப் பேனாவால் அந்த வரியை வெட்டினேன். பத்தி இரண்டும் சமமாக முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அட்டையில் 'திருத்திய பதிப்பு' என்று போட்டு விற்றோம். ஒரு வருடம் விற்றது. அத்தனை டீச்சர், அத்தனை அப்பா, அத்தனை கோச்சிங் சென்டர்காரன் கையில் இருந்த புத்தகம். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, பறவைக்கு எதிரே மரம் என்று இருக்கிறதே என்று கேட்டாரா? வந்த ஒரே கடிதம் அட்டையின் நிறம் கண்ணைக் குத்துகிறது என்று. பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்தார்கள். என்னத்தைச் சொல்ல!

கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். அவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தைப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற பிள்ளைக்கு அந்தப் பள்ளியிலேயே பதினொன்றும் பன்னிரண்டும் படிக்க இடம். கட்டணம் கிடையாது, ஹாஸ்டலும் இலவசம். போட்டிக்கு ஆதாரம் எங்கள் புத்தகத்தின் திருத்திய பதிப்பு. சாருக்கு முன்வரிசையில் சோபா, கழுத்தில் சால்வை. எனக்கு மேடையில் பிரின்சிபாலுக்குப் பக்கத்து நாற்காலி. ஏதாவது சந்தேகம் வந்தால் சொல்வதற்காக என்னை உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலிக்கு வேறு வேலையே கிடையாது.

போட்டி தொடங்கும் முன் வராந்தாவில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எழுமலையிலிருந்து வந்தவர். பெயர் ஒச்சம்மாள். கூடவே மகள் பாண்டிமீனா, இரட்டைச் சடை, அரசுப் பள்ளிச் சீருடை, கையில் எங்கள் புத்தகத்தின் பழைய பதிப்பு. அவள் இங்கிலீஷ் டீச்சர் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்ததாம்.

"டீச்சர், இவளுக்குக் கிடைச்சிருமா?"

"நான் டீச்சர் இல்லம்மா. நல்லாப் படிச்சிருந்தா கிடைக்கும்."

"அம்புட்டையும் படிச்சிருக்கா டீச்சர். கிடைச்சா இங்கயே தங்கிப் படிக்கட்டும். இல்லேன்னா இவ அக்காவ அனுப்புன மாதிரி கப்பலூர் கம்பெனிக்குத்தான் அனுப்பணும். இவங்கப்பா சொல்லிட்டாரு, கேக்குற ஆளு இல்ல."

பாண்டிமீனா, "சும்மா இரும்மா" என்றாள்.

மத்தியானத்துக்குள் எல்லாரும் கழிந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். பாண்டிமீனாவும் அந்தப் பள்ளியிலேயே படிக்கும் ஒரு கண்ணாடிப் பையனும். பிரின்சிபால் புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லைப் படிப்பார். பிள்ளை எழுத்துகளைச் சொல்லிப் பொருளையும் சொல்ல வேண்டும். தப்பானால் மணி. அதே சொல் அடுத்த ஆளுக்குப் போகும். அவர் சரியாகச் சொன்னால் ஆட்டம் முடிந்தது. பாண்டிமீனா பதினொரு சொற்களைச் சொன்னாள். ஒவ்வொரு பொருளையும் ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

பிரின்சிபால் படித்தார்: "மெஸ்கிட்."

எழுத்துகளைச் சொன்னாள். பிறகு, "முள்மரம் சார். காய ஆடுமாடு திங்கும்" என்றாள்.

நான் எழுதிய வரி அப்படியே அவள் வாயில் வந்தது. பிரின்சிபால் புத்தகத்தைப் பார்த்தார். மணியை அடித்தார்.

"சார், மரம்தான் சார். எங்க ஊர்ல காடாக் கெடக்கு. எங்கப்பா வெட்டிக் கரிமூட்டம் போடுறாரு."

"உங்க ஊர் கதை எல்லாம் வேண்டாம்மா. புக்ல அப்படி இல்ல."

என் மடியிலும் ஒரு புத்தகம் இருந்தது. பிரித்தேன். மெஸ்கிட்டுக்கு எதிரே பழங்குடித் தலைவன். கீழே பார்த்தேன், மேலே பார்த்தேன். அந்தத் தொங்கிய வரி ஞாபகம் வந்தது. பாண்டிமீனாவைப் பார்த்தேன். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தேன்.

மணி அடித்த பிறகும் அந்தப் பெண் இறங்கவில்லை. மேடை நடுவிலேயே நின்றாள். "எறங்கும்மா, நேரமாகுது" என்றார் பிரின்சிபால். நின்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிடிவாதம் பிடித்த பிள்ளை என்று மேடையடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது. கடைசியில் ஒரு டீச்சர் வந்து தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். கண்ணாடிப் பையன் வந்து, "அமெரிக்கப் பழங்குடித் தலைவன்" என்றான். "வெரி குட்!" என்றார் பிரின்சிபால். எல்லாரும் கை தட்டினார்கள். சாரும் தட்டினார்.

திரும்பி வரும்போது காரில் சாரிடம் சொன்னேன். அவர் என் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கினார். "எந்தப் பக்கம்?" என்றார். பார்த்தார். பச்சைப் பேனாவை எடுத்து அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார்.

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா."

"அந்தப் பிள்ளைக்கு என்ன சார் பதில்?"

"அடுத்த வருசம் கலந்துக்கட்டும்."

"பத்தாவது முடிச்ச பிள்ளைக்கு அடுத்த வருசம் ஏது சார்? பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் போடலாம் சார். நம்ம தப்புன்னு."

புத்தகத்தை மூடி அட்டையைத் தடவினார். "இந்த ஒரு பக்கம் தப்புன்னு நாமளே சொன்னா, மத்த பக்கமெல்லாம் சரியான்னு கேப்பான். நமக்குன்னு இருக்குறது பேருதாம்மா." யாருக்கு? அட்டையில் பெயர் இருந்தது யாருக்கு? அதைக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் போயிற்று. ஐந்து வாரமும் சாரைத் திட்டினேன், பிரின்சிபாலைத் திட்டினேன், தமிழ் அடித்த பெண்ணைத் திட்டினேன், கடிதம் போட்ட அந்தப் பெற்றோரைத் திட்டினேன். ஆறாவது வாரம் என் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, இரண்டு பதிப்பின் பக்கங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிரின்சிபால் காபி கொடுத்தார். கடிதத்தைப் படித்தார். "ரூல்ல தெளிவா இருக்கு மேடம். புக்ல இருக்குறதுதான் முடிவு. அட்மிஷன் முடிஞ்சு கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதையும் சுட்டிக்காட்டினார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு எழுமலைக்குப் போனேன். ஒச்சம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க டீச்சர், மோர் குடிங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் நடந்துகொண்டதே எனக்கு என்னவோ போல இருந்தது. "அவ கப்பலூருக்குப் போயிருக்கா. நோட்டுப் புத்தகம் தைக்கிற கம்பெனி. அஞ்சர மணிக்கு வேன்ல வருவா, பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க" என்றார்.

வேன் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். பாண்டிமீனாவின் விரல் நுனி எல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பெட்டிகள், திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, அட்டைத் துண்டு, பெஸீக், நான் வெட்டிய வரி, சார் சொன்னது, பிரின்சிபால் சொன்னது எல்லாம். "நீ சொன்னதுதான் சரிம்மா. தப்பு எங்க மேல" என்று கடிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"மரம்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான் சொன்னது சரின்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"இல்லம்மா, எப்படித் தப்பு நடந்துச்சுன்னு..."

"அது எப்படி நடந்தா எனக்கென்ன? வரி மாறிப்போச்சு, சரி. யாருக்கும் மாறும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க மேடையில புத்தகத்தத் தொறந்து பாத்தீங்க. அப்புறம் என்னையப் பாத்தீங்க. ஒங்க மொகம் மாறுச்சு. நான் ஒங்களத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். மணி அடிச்சும் நான் எறங்கல. எல்லாரும் சிரிச்சாக. எதுக்கு நின்னேன்னு நெனச்சீங்க?"

தோழிகள் கூப்பிட்டார்கள். "வாரேன்டி" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போய்விட்டாள்.

அன்று அந்த மேடையில் பேசாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.